"நீ இரட்சிக்கப்பட்டாயா?" என்று மச்சான் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பூம்பாறைப்பூண்டு:
கொடைக்கானல் ஆட்கள் எல்லோருக்கும் வணக்கம். சலேத் மாதா திருவிழா முடிந்த கையோடு எழுதுகிறேன். என் வீட்டுக்காரியின் அண்ணன் திண்டுக்கல்லில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். ஆகஸ்ட் 15 விடுமுறைக்குக் குடும்பத்தோடு மேலே வந்திருந்தார். நல்ல மனிதர், சண்டைக்காரர் இல்லை. எங்களோடு கோயிலுக்கும் வந்து பின்னால் நின்றார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆரம்பித்தார்.

முதலில், "மாப்பிள்ளை, நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா இல்லையா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். பிறகு எபேசியர் 2:8-ஐ எடுத்தார். கிருபையினால்தான் இரட்சிப்பு, கிரியைகளினால் இல்லை என்று பவுல் எழுதி வைத்திருக்கும்போது நீங்கள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது), செபமாலை, நேர்ச்சை, மெழுகுவர்த்தி என்று கணக்கு ஏற்றிக்கொண்டே போகிறீர்களே என்று கேட்டார்.

இது இரண்டும் வழக்கமாகக் கேட்பதுதான். மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. பிரசங்கத்தில் 1846-ல் பிரான்சு மலையில் லா சலேத்தில் மாதா அழுத கதையைச் சொன்னார்கள். என் மகனின் கை கனத்துவிட்டது, இனி என்னால் தாங்க முடியாது என்று மாதா சொன்னதாக வரும் இல்லையா? அதைப் பிடித்துக்கொண்டார். "அடிக்கக் கை ஓங்குகிறவர் இயேசு, பிடித்து நிறுத்துகிறவர் மாதா. அப்படியானால் இரக்கம் யாரிடம் இருக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மூஞ்சிக்கல்_கடைக்காரர்:
ஜெயிக்க வேண்டுமா, விளக்கம் வேண்டுமா? ஜெயிக்கத்தான் என்றால், விசுவாசத்தால் மட்டும் இல்லை, செயலாலும்தான் என்கிற யாக்கோபு 2:24-ஐ எடுத்து வீசுங்கள். அவர், சட்டத்தின் செயல்கள் இல்லாமல் விசுவாசத்தாலேயே என்கிற உரோமையர் 3:28-ஐத் திருப்பி வீசுவார். விடிய விடிய நடக்கும். காலையில் அவருக்கு இட்லி வைக்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரிதான்.

பழைய_உபதேசியார்:
இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

அந்த எபேசியர் வசனம் நமக்கு எதிரானது என்று மச்சான் நினைக்கிறார். நம் போதனையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆயர்கள் ஒன்றுகூடியதுதான் திரெந்து பொதுச்சங்கம், 1545 முதல் 1563 வரை விட்டுவிட்டு நடந்தது. மனிதன் எப்படிக் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆகிறான் என்பது பற்றி 1547 ஜனவரியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதன் முதல் கண்டனம் யார்மேல் விழுந்தது தெரியுமா? கிறிஸ்துவின் அருள் (மச்சான் சொல்கிற கிருபை) இல்லாமல் தன் சொந்தச் செயல்களாலேயே ஒருவன் கடவுள் முன் ஏற்புடையவன் ஆகிவிடலாம் என்று சொல்கிறவர்மேல். நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகளை முதலில் உட்கார வைத்துவிட்டுத்தான் லூத்தர் பக்கம் திரும்பினார்கள். அதே தீர்மானத்தின் 8-ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: ஏற்புடைமைக்கு முன்னால் வருகிற எதுவும், விசுவாசமாக இருந்தாலும் செயலாக இருந்தாலும், அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை.

இது 1547-ல் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதன் மனது வைத்தால் பாவம் இல்லாமல் வாழ்ந்துவிடலாம், அருள் என்பது நல்ல போதனையும் நல்ல முன்மாதிரியும்தான் என்கிற மாதிரிக் கற்பித்தார். ஆயர் அகுஸ்தீனார் விடவில்லை. 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளினார்கள். அதற்குப் பிறகும் தெற்குப் பிரான்சில் சிலர், சரி, அருள் வேண்டும்தான், ஆனால் முதல் அடி நம்முடையது, மிச்சம் அவருடையது என்று ஒரு சமரசம் பேசினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், நம்மில் பலர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறோம். 529-ல் ஒராஞ்சு சங்கம் அதையும் தள்ளியது. நம்ப வேண்டும் என்கிற ஆசைகூட அவர் தந்ததுதான் என்றார்கள்.

பிறகு நம் கோயில் முற்றத்தில் ஏன் வேறு மாதிரி தெரிகிறது? அதற்குப் போதனையைக் குற்றம் சொல்ல முடியாது, நாம்தான் காரணம். நேர்ச்சையில் தப்பில்லை. பெற்றதற்கு நன்றியாகச் செய்கிறோமா, பெறுவதற்கு விலையாகக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. விலையாகக் கொடுத்தால் அந்த மச்சான் சொல்வது நியாயம்தான், மறுக்க மாட்டேன்.

இப்போது முதல் கேள்வி. 1431-ல் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) என்ற இளம்பெண்ணை ரூவான் நகரில் விசாரித்தார்கள். நீ அருள்நிலையில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் அகந்தை, இல்லை என்றால் குற்ற ஒப்புதல். இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே வைத்திருப்பாராக என்று அவள் பதில் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண். 1992-ல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (திருச்சபையின் போதனைத் தொகுப்பு) இந்தப் பதிலை எண் 2005-ல் எடுத்துப் போட்டிருக்கிறது. உங்கள் மச்சானுக்கு அதைச் சொல்லுங்கள்.

நாயுடுபுரம்_டீச்சர்:
உபதேசியார் ஐயா, நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), புராட்டஸ்டன்ட். நீங்கள் எழுதியதில் பெரும்பகுதிக்கு நானும் ஆமென் சொல்வேன். ஆனால் அந்தத் திரெந்து தீர்மானத்தில் நீங்கள் எடுத்துக் காட்டாத பகுதிகளும் இருக்கின்றன. விசுவாசத்தால் மட்டுமே என்று சொன்ன எங்கள் முன்னோருக்கும் அதில் சாபம் போட்டிருக்கிறார்கள். நற்செயல்களுக்குப் பேறுபலன், அதாவது கடவுளிடம் பலன் பெறும் தகுதி, உண்டு என்றும் இருக்கிறது. அருள் இலவசம் என்று முன்வாசலில் எழுதிவிட்டுப் பின்வாசலில் பேறுபலன் கணக்கு வைத்தால் எப்படி?

அப்புறம் அந்த ழான் பதில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சாகக் கிடக்கிறவரிடம் போய் "இருந்தால் வைத்திருப்பாராக" என்று சொல்வது எனக்கு ஆறுதலாகப் படவில்லை. என் அம்மா இறக்கும்போது, நான் யாரை விசுவாசித்தேன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் சொன்னார்கள். அந்த நிச்சயம் அகந்தையா?

பழைய_உபதேசியார்:
டீச்சர், உங்கள் அம்மா சொன்னது 2 திமொத்தேயு 1:12. அதைப் பவுல் சொன்னால் அகந்தை இல்லை என்கிறபோது உங்கள் அம்மா சொன்னால் மட்டும் எப்படி ஆகும்? திரெந்து தள்ளியது வேறு. கடவுளின் இரக்கத்தையோ கிறிஸ்துவின் சிலுவையையோ யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அதுவே சொல்கிறது. என்னுடைய நிலையைப் பற்றி, நான் வழி தவறவே மாட்டேன் என்பது பற்றி, விசுவாசக் கோட்பாட்டுக்கு உரிய நிச்சயத்தோடு சொல்ல முடியாது என்பதுதான் அதன் வாதம். அவர்மேல் நம்பிக்கை முழுதாக இருக்கட்டும், என்மேல் கொஞ்சம் சந்தேகம் இருக்கட்டும். எங்கள் ஆட்கள் சிலர் இதை ஆயுள் முழுக்கப் பயந்து சாகும் மதமாக மாற்றிவிட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பேறுபலன் பற்றி. அகுஸ்தீனாரின் பதிலுக்கு மேல் எனக்குத் தெரியாது: நம் பேறுபலன்களுக்குக் கடவுள் முடிசூட்டும்போது தம்முடைய கொடைகளுக்குத்தான் முடிசூட்டுகிறார். திரெந்தும் 16-ஆம் அதிகாரத்தில் அதையே சொல்கிறது. குழந்தை தெரேசம்மாள் 1895-ல் எழுதிய ஒப்புக்கொடுத்தல் செபத்தில், வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம் முன் வருவேன், என் செயல்களை எண்ணிப் பார்க்கும்படி நான் கேட்கவில்லை என்று இருக்கிறது. நாங்கள் பீடத்தில் வைத்திருக்கும் புனிதை எழுதியது இது. எங்கள் நேர்ச்சைக்காரர்கள் படிக்க வேண்டும்.

சாபங்களைப் பொறுத்தவரை நல்ல செய்தி இருக்கிறது. அதைச் சண்பகனூர் தம்பி எழுதினால் சரியாக இருக்கும், அவர் படித்தவர்.

சண்பகனூர்_மழை:
படித்தவன் என்று சொல்லாதீர்கள் ஐயா, கொஞ்ச காலம் இறையியல் பக்கம் போய்விட்டு வந்தவன்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 1517-ல் லூத்தர் 95 கருத்துகளை வெளியிட்டதை நினைவுகூரும் அதே தேதி. அதன் மையம் இதுதான்: நம் தகுதி எதையும் பார்த்து அல்லாமல், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டபின் தூய ஆவியார் நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயல் செய்யவும் வலு தருகிறார். அந்த அறிக்கையில் விளக்கப்பட்ட லூத்தரன் போதனைமேல் திரெந்தின் கண்டனங்கள் விழாது என்றும், அவர்கள் பக்கத்துக் கண்டனங்கள் அதில் உள்ள கத்தோலிக்கப் போதனைமேல் விழாது என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

டீச்சருக்கு இன்னொன்று. மெதடிஸ்ட் உலக மன்றம் 2006-ல் இதில் சேர்ந்தது. ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம் 2016-ல் இதன் சாரத்தை வரவேற்றது. சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-ல் சேர்ந்தது. 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஒன்றாகக் கலந்த மரபுகள் இவைதான். 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளும் அந்தக் குடும்பம்தான். ஆக நாயுடுபுரமும் மூஞ்சிக்கல்லும் இந்த விஷயத்தில் அடிப்படையில் ஒன்று. மிச்சம் இருக்கும் வேறுபாடுகளையும் அறிக்கை மறைக்கவில்லை.

நாயுடுபுரம்_டீச்சர்:
2017 பற்றிக் கேள்விப்பட்டேன், மற்றது தெரியாது. நன்றி. ஆனாலும் பேறுபலன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

வில்பட்டி_வாத்தியார்:
நான் இந்து. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குறிஞ்சி ஆண்டவரையும் கும்பிடுவேன், சலேத் மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றுவேன். இந்தச் சண்டையைப் பார்த்தால் எனக்கு வேறு ஒரு சண்டை ஞாபகம் வருகிறது. வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள். குட்டி தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாய் தாவும். தென்கலையார் பூனைக்குட்டியைச் சொல்வார்கள். குட்டி ஒன்றும் செய்யாது, தாய் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். வேதாந்த தேசிகர் ஒரு பக்கம், பிள்ளை லோகாசாரியார் ஒரு பக்கம். பல நூற்றாண்டு வாதம். நீங்கள் எந்தக் குட்டி?

இன்னொரு கேள்வியும் உண்டு. உங்கள் கணக்கில் எனக்கு என்ன கதி? கோபித்துக்கொள்ள மாட்டேன், உள்ளதைச் சொல்லுங்கள்.

பழைய_உபதேசியார்:
வாத்தியார் சார், இப்படிக் கேட்டால் அரை நாள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பூனைக்குட்டி என்று முழுதாகச் சொல்ல முடியாது. மனிதனின் சம்மதத்தை எங்கள் போதனை விடாது. கடவுள் தொடும்போது மனிதன் ஒன்றுமே செய்யாத மரக்கட்டை இல்லை, மறுக்கவும் முடியும் என்று திரெந்து சொல்கிறது. அதனால் குரங்குக்குட்டி என்று எழுதத்தான் முதலில் கை போனது. ஆனால் ஒராஞ்சு சங்கம் குறுக்கே நிற்கிறது. குட்டி பிடிக்கிற அந்தப் பிடியின் பலம் எங்கிருந்து வந்தது? அதுவும் தாய் கொடுத்த பால்தானே. பிடிப்பது குட்டி, பிடிக்க வைப்பது தாய். பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: உங்கள் மீட்புக்காக உழையுங்கள் என்று ஒரு வசனம், உங்களுக்குள் இருந்து விருப்பத்தையும் செயலையும் உண்டாக்குகிறவர் கடவுளே என்று அடுத்த வசனம். ஐம்பது சதவீதம் அவர், ஐம்பது சதவீதம் நான் என்று பாகம் பிரிக்கிற வேலையே இதில் கிடையாது. முழுதும் அவருடையது, அதனாலேயே முழுதும் என்னுடையதும்கூட.

உங்கள் மெழுகுவர்த்தி பற்றித் தம்பி சொல்லட்டும்.

சண்பகனூர்_மழை:
சார், திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற பழைய வாக்கியம் எங்களிடம் இருக்கிறது, மறைக்கவில்லை. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் விஷயம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் லெனர்டு ஃபீனி என்ற குரு, கத்தோலிக்கர் அல்லாத யாருக்கும் மீட்பே கிடையாது என்று கறாராகப் போதித்தார். 1949-ல் உரோமை அந்த விளக்கம் தவறு என்று பாஸ்டன் பேராயருக்குக் கடிதம் எழுதியது. அழைத்தபோது உரோமைக்குப் போகாததால் 1953-ல் அவரையே சபை விலக்கம் செய்தார்கள். வெளியே யாருக்கும் இடமில்லை என்றவர் கடைசியில் தானே கொஞ்ச காலம் வெளியே நிற்க வேண்டி வந்தது. இறப்பதற்கு முன் சமரசம் ஆனது.

1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய ஏட்டின் 16-ஆம் எண்ணில் தெளிவாக்கியது. தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சி காட்டும் அவர் விருப்பத்தை அருளின் தூண்டுதலால் நிறைவேற்ற முயல்கிறவர்களும் மீட்பு அடைய முடியும். 'அருளின் தூண்டுதலால்' என்பதைக் கவனியுங்கள். அங்கும் முதல் அடி அவருடையது. மீட்பு வருவது கிறிஸ்து வழியாகத்தான் என்பதையும் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. இது உங்களுக்கு ஒப்புதல் இல்லாமல் இருக்கலாம். உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள்.

வில்பட்டி_வாத்தியார்:
என்னைக் கேட்காமலே எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

ஏரிக்கரை_இளசு:
எனக்கு அடிப்படையே ஒத்துவரவில்லை. ஆதாம் தின்றதற்கு நான் ஏன் பாவி? பிறந்த குழந்தைக்கு என்ன பாவம்? இன்னொன்று, நான் ஓட்டலில் வேலை பார்க்கிறேன். சீசனில், ஏப்ரல், மே மாதங்களில், ஞாயிறு காலைதான் எங்களுக்குக் கழுத்தறுப்பு. பூசைக்குப் போக முடியாது. அது சாவான பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தேன். அப்படியானால் ஒவ்வொரு சீசனிலும் எனக்கு நரகமா?

சண்பகனூர்_மழை:
பின்னால் உள்ளதை முதலில் முடிக்கிறேன். சாவான பாவத்துக்கு மூன்றும் சேர வேண்டும்: கனமான விஷயம், முழு அறிவு, முழு மனச் சம்மதம் (மறைக்கல்வி எண் 1857). வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலை முழு மனச் சம்மதம் இல்லை. தக்க காரணம் இருந்தால் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று எண் 2181 சொல்கிறது. பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறுக் கடமைக்குச் செல்லும். லா சலேத் செய்தியில் ஞாயிறு வேலை பற்றிய கண்டிப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்துக்கு ஓடுகிற ரூம் பாயைவிட ஞாயிறு விடுப்பே தராத முதலாளியை அது அதிகம் உறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஆதாம் விஷயம். குழந்தை எதுவும் செய்யவில்லை. ஆதாமிடமிருந்து வரும் ஜென்மப் பாவத்தைப் 'பாவம்' என்பதே ஒரு ஒப்புமையான பொருளில்தான், அது செய்த செயல் இல்லை, பிறக்கும் நிலை என்று எண் 404 சொல்கிறது. யாருடைய சொந்தக் குற்றமாகவும் அது கணக்கில் வராது என்பது அடுத்த எண்ணில். மனிதன் முதலில் இருக்க வேண்டிய புனித நிலை நமக்கு வந்து சேரவில்லை. இயல்பு காயப்பட்டிருக்கிறது, முழுதும் அழுகிப் போகவில்லை. அறியாமை, துன்பம், சாவு, தீமையின் பக்கம் ஒரு சரிவு. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஜென்மப் பாவத்தைப் போக்கிக் கடவுளின் வாழ்வைத் தருகிறது. சரிவு மட்டும் இருக்கும். அந்தச் சரிவே பாவம் இல்லை, சம்மதித்தால்தான் பாவம் என்று 1546-ல் திரெந்து சொன்னது. சீர்திருத்தவாதிகளோடு உண்மையான வேறுபாடு இருக்கும் இடங்களில் இது ஒன்று, டீச்சர் கவனிக்க.

கீழ்மலைக்காரி:
குழந்தை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் தங்கையின் குழந்தை பிறந்து சில மணி நேரத்தில் போய்விட்டது. பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறக்கிக்கொண்டு போகும்போதே. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர், ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மோட்சம் கிடையாது, மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத லிம்போவுக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டார். அவள் அதற்குப் பிறகு கோயிலுக்கு வருவதில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நானும் இருக்கிறேன்.

பழைய_உபதேசியார்:
அம்மா, அந்தப் பெரியவர் சொன்னது என்றைக்கும் விசுவாசக் கோட்பாடாக அறிக்கையிடப்பட்டதில்லை. பழைய இறையியலாளர்களின் ஊகம், பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது, அவ்வளவுதான். மறைக்கல்வி நூல் எண் 1261 திருமுழுக்கு இல்லாமல் இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று இயேசு சொன்னதை அதே இடத்தில் எடுத்துக் காட்டுகிறது. மீட்பைத் திருமுழுக்கோடு கடவுள் பிணைத்திருக்கிறார், ஆனால் தாம் ஏற்படுத்திய அருளடையாளங்களுக்கு (திருமுழுக்கு போன்ற சடங்குகளுக்கு) அவரே கட்டுப்பட்டவர் அல்ல என்று எண் 1257-ல் இருக்கிறது. 2007-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அனுமதியோடு அனைத்துலக இறையியல் ஆணையம் இதற்காகவே ஒரு நீண்ட ஆவணம் வெளியிட்டது. இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் கனமான ஆதாரம் உண்டு என்பது அதன் முடிவு.

அடக்கச் சடங்கு கோயில் முறைப்படி நடந்ததா? ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள் என்றால் ஆயரின் அனுமதியோடு நடத்தலாம் என்று திருச்சபைச் சட்டம் 1183 சொல்கிறது. நடக்கவில்லை என்றால் இப்போது அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேளுங்கள். தங்கையைக் கோயிலுக்கு இழுக்காதீர்கள். சாமியாரை வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.

மலையில் இருக்கிற எல்லோருக்கும் ஒன்று: அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், இந்துவாக இருந்தாலும் பரவாயில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும்.

நாயுடுபுரம்_டீச்சர்:
கீழ்மலைக்காரி, உங்கள் தங்கைக்காக நாங்களும் செபிக்கிறோம்.

சண்பகனூர்_மழை:
பூண்டு அண்ணனின் மூன்றாவது கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

லா சலேத் தனி வெளிப்பாடு, அதாவது விவிலியத்துக்குப் பிறகு தனி ஆட்களுக்குக் கிடைத்த காட்சி. கிரனோபிள் ஆயர் 1851-ல் அதை ஏற்றுக்கொண்டார். நம் மலையில் 1860-களிலேயே பிரெஞ்சுக் குருக்கள் அந்தப் பக்தியைக் கொண்டுவந்து கோயில் கட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் தனி வெளிப்பாடு விசுவாசத்தின் கருவூலத்தோடு எதையும் சேர்ப்பதில்லை, கிறிஸ்துவின் வெளிப்பாட்டைத் திருத்தவும் முடியாது (எண் 67). அந்தக் கை பற்றிய பேச்சை நற்செய்தியின் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். நற்செய்தியில் கடவுள் உலகின்மேல் அன்பு கூர்ந்ததால்தான் மகனைத் தருகிறார். யாரும் கெஞ்சி அவர் மனதை மாற்றவில்லை. மாதாவின் இரக்கமே அந்த மகனிடமிருந்து வாங்கியதுதான், அவரே அருள் மிகப் பெற்றவர். அப்படியிருக்க மகனைவிட அம்மாவுக்கு இரக்கம் அதிகம் என்று பேசினால் அது பக்தியும் இல்லை, போதனையும் இல்லை. காட்சி கண்ட இரண்டு பேரும் மாடு மேய்த்த கிராமத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் புரிகிற மொழியில் வந்த எச்சரிக்கை அது. சிலுவையைத் திரும்பவும் ஏளனம் செய்யாதீர்கள் என்பதுதான் அதன் எடை. மாதா மார்பில் தொங்குவதே ஒரு சிலுவைதான், நம் கோயில் சுரூபத்தைப் போய்ப் பாருங்கள். அந்தப் பிரசங்கத்தில் இதையும் சொல்லியிருக்கலாம்.

மூஞ்சிக்கல்_கடைக்காரர்:
பிரசங்கம் நாற்பது நிமிடம் போயிற்று தம்பி. இன்னும் சொல்லச் சொல்கிறீர்களா?

பெயர்_வேண்டாம்:
இதைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்று கேட்க வேண்டும். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன், மேல்மலை. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தின் எல்லைக்கல்லை அப்பா அந்தக் காலத்தில் நகர்த்தினார். படிப்படியாக வெட்டிய நிலத்தில் இரண்டு படி எங்கள் பக்கம் வந்துவிட்டது. சாவதற்கு முன் என்னிடம் சொன்னார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் போனார். அந்த இரண்டு படியில் இப்போது நான் கேரட் போடுகிறேன். மேலே தம்பி எழுதியபடி பார்த்தால் அப்பா செய்தது என் சொந்தக் குற்றம் ஆகாது. அப்பாவுக்கும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அப்படியானால் விஷயம் முடிந்ததா?

ஏரிக்கரை_இளசு:
இதுதான் நான் கேட்ட ஆதாம் கேள்வி, நிலத்தோடு வந்திருக்கிறது.

பழைய_உபதேசியார்:
முழுக்க அது இல்லை தம்பி. ஆதாமிடமிருந்து வந்த நிலையைப் போக்க நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த இரண்டு படிக்கு நம்மால் முடியும்.

பெயர் வேண்டாம் அவர்களுக்கு: தகப்பன் குற்றத்தை மகன் சுமப்பதில்லை, எசேக்கியேல் 18:20. அப்பா நகர்த்திய பாவம் உங்களுடையது இல்லை. ஆனால் அவர் சொன்ன நாளிலிருந்து, இது அடுத்தவர் நிலம் என்று தெரிந்தே நீங்கள் வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் சொந்தக் கணக்கு. அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று இணைச்சட்டம் 27:17-லேயே இருக்கிறது.

மன்னிப்பு என்பது பாவத்தைப் போக்குகிறது, பாவம் உண்டாக்கிய சேதத்தை எல்லாம் சரி செய்துவிடுவதில்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மறைக்கல்வி எண் 1459 சொல்கிறது. அப்பாவிடம் சாமியார் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒருவேளை அதனால்தான் அவர் உங்களிடம் சொன்னாரோ என்னவோ.

நாயுடுபுரம்_டீச்சர்:
நற்செய்தியில் வரும் வரி வசூலிக்கிறவன் சக்கேயுவின் கதையில் வரிசையைப் பாருங்கள். இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொல்கிறார். நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன் என்று சக்கேயு பிறகுதான் சொல்கிறான். திருப்பிக் கொடுத்ததால் இயேசு வீட்டுக்கு வரவில்லை. வந்ததால்தான் திருப்பிக் கொடுத்தான். எனக்குப் பேறுபலன் என்று சொல்ல வராது என்றேனே, இப்படிச் சொன்னால் வரும்.

பழைய_உபதேசியார்:
டீச்சர், அடுத்த ஆண்டு உயிர்த்தெழுதல் ஞாயிறுக்கு முந்தைய இரவு எங்கள் கோயிலுக்கு வாருங்கள். பாஸ்கா புகழுரையில், இத்தகைய மீட்பரைப் பெற்றுத் தந்த பேறான குற்றமே என்று ஆதாமின் பாவத்தையே பார்த்துப் பாடுவார்கள். குளிருக்குச் சால்வை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பெயர்_வேண்டாம்:
ஐயா, திருப்பிக் கொடுக்க எனக்குச் சம்மதம்தான். ஆனால் அந்தக் குடும்பத்து மகன் திருப்பூரில் இருக்கிறார். அப்பா திருடினார் என்று போய்ச் சொன்னால் செத்தவர் பெயர் ஊரில் நாறிவிடும். அம்மா இன்னும் இருக்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பழைய_உபதேசியார்:
வேண்டியதில்லை. நிலம் திரும்ப வேண்டும், அப்பாவின் பெயர் கெட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தக்க காரணம் இல்லாமல் அடுத்தவர் குற்றத்தை வெளியே சொல்வதும் பாவம்தான் (எண் 2477), அந்த அடுத்தவர் அப்பாவாக இருந்தாலும். கல் சரியான இடத்தில் இல்லை என்று சொல்லுங்கள், அது உண்மை. இத்தனை வருட விளைச்சலுக்கு என்ன செய்வது என்பதை இங்கே கேட்காமல் பாவசங்கீர்த்தனத்தில் கேளுங்கள். ஆளுக்கு ஆள், நிலைமைக்கு நிலைமை மாறும்.

வில்பட்டி_வாத்தியார்:
வழி நான் சொல்கிறேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு. முதலில் எஃப்.எம்.பி. புலப்படம் எடுங்கள். இரண்டு பட்டா நகலும் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் எல்லை அளவைக்கு நீங்களே மனுக் கொடுத்து, பணமும் நீங்களே கட்டுங்கள். சர்வேயர் வருகிற அன்றைக்குத் திருப்பூர்க்காரரை வரச் சொல்லுங்கள், அவர் இல்லாமல் அளந்தால் பிறகு பேச்சு வரும். கேரட் தோண்டி முடித்த பிறகு அளக்கச் சொல்லாதீர்கள். பயிர் நிற்கும்போதே அளந்தால் அந்த விளைச்சல் யாருக்கு என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம்.